ஊசிக்காரரின் முதுகு

மாகாண சபையில் மூன்று தடவை உட்கார்ந்து, கால்நடைத் துறைக்குத் துணை அமைச்சராகவும் இருந்த மனிதரை எங்கள் ஊர் கடைசி வரை 'ஊசிக்காரர்' என்றுதான் சொன்னது. அதற்கு முன்னால் அவர் மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எனக்கு மாமா, அதாவது என் அக்காவின் புருஷன். அவருடைய ஜீப்பை ஓட்டியது நான். அவருடைய கதையைச் சொல்ல நீ யார் என்று யாராவது கேட்டால், அந்த ஜீப்பின் கிளட்ச்சை ஒரு வாரம் மிதித்துவிட்டு வந்து கேட்கட்டும்.

மாமாவைப் பற்றி நல்லது சொல்ல வேண்டுமென்றால் குரலைச் சொல்லலாம். உடம்பு சரியில்லாத மாட்டிடம் பேசிப் பழகிய குரல். மெதுவாக, கனிவாக, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஊசியை இறக்கிவிடுவார். மாடு திரும்பிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். பிற்பாடு ஜனங்களிடமும் அதே குரலில்தான் பேசினார். அவர்களும் மாட்டைப் போலத்தான் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் முன்னால் மருந்துப் பெட்டி, பின்னால் அக்கா. மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க மாமாவுக்கு மனசு வராது, கட்டிய மனைவி சும்மாதானே இருக்கிறாள் என்று அழைத்துப் போவார். அவர் வாலுக்குப் பக்கத்தில் நிற்பார், இவள் கொம்புக்குப் பக்கத்தில் நிற்பாள். உதை ஒரு பக்கம், முட்டு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் அக்காவிடம் பேசுவார்கள். மூத்த மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசியிருக்கிறார்கள், மாமியாருக்கு எந்தக் கண்ணில் பார்வை போனது, இளையவன் எந்தப் பரீட்சையில் தவறினான். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அவளுக்கு மறக்காது. அது படித்து வந்ததல்ல, பயிற்சியில் வந்ததல்ல. சிலருக்குக் கை நீளம், சிலருக்கு நாக்கு நீளம், அவளுக்கு ஞாபகம் நீளம். அவ்வளவுதான்.

மாமாவுக்கோ ஞாபகம் என்பது சல்லடை. காலையில் ஊசி போட்ட மாட்டுக்கே சாயங்காலம் இன்னொன்று போடப் போனவர். அக்கா கையைப் பிடித்து இழுத்திராவிட்டால் அந்த மாடு அன்றைக்கே போயிருக்கும்.

ஊராட்சித் தேர்தலில் நிற்க ஆள் தேடி ஒரு கட்சி வந்தபோது, எல்லா வீட்டுக் கொல்லைப்புறமும் தெரிந்த ஆள் என்று மாமாவைப் பிடித்தார்கள். ஓட்டுக் கேட்கப் போன முதல் இரண்டு நாள், அந்தந்த வீட்டு விவரத்தை அக்கா அவர் காதில் கிசுகிசுத்தாள். "பொண்டாட்டி காதுல ஓதுறா, இவரு தலையாட்டுறாரு" என்று யாரோ சிரித்தார்கள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதே ஓர் ஏற்பாடு செய்தார்கள். அக்கா பின்னால் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, எல்லாவற்றையும் முதுகில் சொல்ல வேண்டும்.

வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை தட்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் விரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு. வீட்டில் சாவு விழுந்திருந்தால் உள்ளங்கையை முழுசாகப் பதிக்க வேண்டும். உள்ளங்கை பட்டதும் மாமா சிரிப்பை நிறுத்திவிடுவார். தலையைத் தாழ்த்தி, எதிரில் நிற்பவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். யார் செத்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எதிரில் நிற்பவர் தானாகச் சொல்லி அழுவார். மாமா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, முன்பே தெரிந்த மாதிரி தலையாட்டுவார்.

"ஊசிக்காரருக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டது எல்லாம் தெரியுதுப்பா" என்று ஊர் மெய்சிலிர்த்தது. ஊராட்சியில் ஜெயித்தார், அதற்குப் பிறகு மாவட்ட மன்றத்திலும் ஜெயித்தார். ஓட்டு விழுந்தது அவருடைய முகத்துக்கு, வேலை செய்தது அவருடைய முதுகு.

முதல் தடவை மாகாண சபைக்கு நின்றபோதுதான் அவர்களுடைய மகள் இறந்தாள். ஒரே குழந்தை, நாலு வயசு. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மாமா பிரசாரத்தில் இருந்தார். ஜீப்பை அனுப்பச் சொல்லி அக்கா ஆள் அனுப்பினாள். ஜீப்பில் மைக் கட்டியிருக்கிறது, அவிழ்த்துக் கட்ட நேரமாகும், காலையில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மைக்கைக் கட்டியவன் நான்தான். காலையில் அவிழ்த்தேன். அப்போது ஜீப் தேவைப்படவில்லை.

புதைத்த அன்று சாயங்காலம் பெரிய கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. நிறுத்திவிடலாமா என்று கட்சிக்காரர்கள் கேட்டார்கள். மாமா அக்காவைப் பார்த்தார். அவள் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. "போலாம், அவளும் வரட்டும்" என்றார்.

மேடையில் வழக்கம்போல அவர் பின்னால் நின்றாள். மாமா ரோட்டைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தலை சுற்றியது. கீழே விழாமல் இருக்க முன்னால் இருந்ததைப் பிடித்தாள். முன்னால் இருந்தது அவர் முதுகு. உள்ளங்கை முழுசாகப் பதிந்தது.

மாமா பேச்சை நிறுத்தினார். பழக்க தோஷம். தலையைத் தாழ்த்தினார். ஒரு நிமிஷம் கழித்து, "இன்னைக்குக் காலைல என் பொண்ணைப் புதைச்சுட்டு வந்து நிக்கிறேன்" என்றார். கூட்டம் அப்படியே உட்கார்ந்து அழுதது. எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். அந்தத் தேர்தலில் மாமா ஜெயித்த மாதிரி எங்கள் பக்கத்தில் யாரும் ஜெயித்ததில்லை.

வண்டியில் திரும்பும்போது அவர் அக்காவிடம், "சரியான நேரத்துல கை வச்ச" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் கடைசிக் கூட்டத்தில் மகள் வருவாள். "நாலு வயசுப் பச்சை மண்ணை இந்த மண்ணுக்குக் கொடுத்தவன் நான்" என்பார். அக்கா பின்னால் நின்று உள்ளங்கையைப் பதிப்பாள். அந்த வரிக்கு ஏன் இடம் கொடுக்கிறாய் என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன்.

"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவளைப் பத்தி யாராவது பேசுறாங்களேடா" என்றாள்.

மூன்றாவது தடவை ஜெயித்ததும் துணை அமைச்சர் பதவி வந்தது. பதவியேற்புக்குத் தலைநகரம் போனோம். மண்டப வாசலில் மாமா அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். மாடு முட்டி உடைந்த முன்பல் ஒன்று அவளுக்கு உண்டு. "உள்ள எல்லாம் பெரிய இடத்து ஆளுங்க. நீ சிரிச்சா நல்லா இருக்காது, சிரிக்காம இருந்தாலும் நல்லா இருக்காது. வண்டியிலயே இரு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஜீப்பில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டோம். அவருடைய பெயரைச் சொன்னபோது அக்கா சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானம் ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பத்திரிகைக்காரர், எல்லோரையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள் என்று மாமாவிடம் கேட்டார். "அது கடவுள் குடுத்ததுங்க" என்றார் மாமா. "என் வீட்டுக்காரியைப் பாருங்க, அடுப்புல பால் வச்சதே அவளுக்கு ஞாபகம் இருக்காது." சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் நின்ற அக்காவும் சிரித்தாள், பல்லை மறைத்துக்கொண்டு.

பிறகு அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மாமா தலைநகரத்தில் தங்கிவிட்டார். அங்கே அவருக்கு ஓர் உதவியாளன் வந்து சேர்ந்தான். குளித்துவிட்டு வரும்போதே கழுத்தில் டையோடு வருவான் போலிருக்கிறது, அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. டைக்காரன் என்றுதான் நாங்கள் சொல்வோம். தொகுதியில் உள்ள எல்லா வீட்டு விவரமும் அவனுடைய போனில் இருக்கிறதாம். "இனிமே முதுகுல கோலம் போட வேண்டாம்" என்று மாமா அக்காவிடம் சொல்லிவிட்டார்.

தொகுதியின் கடைசி ஊரில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகன். முதல் தேர்தலிலிருந்து எங்கள் கட்சிக் கொடியை எல்லாம் தைத்தது அவள்தான். மகன் வளர்ந்ததும் அவள் தைக்கத் தைக்க அவன் கட்டினான். எட்டாத உயரத்தில் கொடி பறந்தால் அது அவன் கட்டியதாகத்தான் இருக்கும். மாமா வந்தால் ஜீப்புக்கு முன்னால் ஓடுவான். "நம்ம சிங்கம்" என்று மாமா அவன் தோளில் தட்டுவார்.

போன வருஷம் மாமா அந்த ஊருக்கு வருவதாக ஏற்பாடு. முந்தின நாளே பையன் கரண்ட் கம்பத்தில் ஏறினான். கொடி கட்டிய இரும்புக் குழாய் மேல்கம்பியில் பட்டது. அவனை இறக்குவதற்கே கரண்ட்டை நிறுத்த வேண்டியிருந்தது, அதை நிறுத்த ஆள் வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. அவ்வளவு நேரமும் அந்த அம்மா கீழே நின்றுகொண்டிருந்தாள்.

நான்தான் மாமாவுக்குப் போன் செய்தேன்.

"ஐயோ பாவமே, நல்ல பையனாச்சே" என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது, விருந்தில் இருந்தார். "நாளைக்கு நான் வரலப்பா. அங்க வந்தா இப்ப ஏடாகூடமா ஆயிடும். டைக்காரன்கிட்ட சொல்லு, மலர்வளையம் அனுப்பிடுவான்."

மலர்வளையம் வந்தது. குறுக்கே அகலமான ரிப்பனில் மாமாவின் பெயரும் பதவியும் பெரிய எழுத்தில், 'ஆழ்ந்த இரங்கல்' சின்ன எழுத்தில். அக்கா பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாவோடு மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். அந்த மூன்று நாளில் என்ன பேசினீர்கள் என்றால், "என்னத்தப் பேசுறது, துணி மடிச்சோம்" என்றாள்.

அடுத்த தேர்தல் வந்தது. எதிரில் நின்றவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பேசினால் கூட்டமே கொட்டாவி விடும், ஆனால் கைசுத்தம். மாமா டைக்காரனையும் அவன் போனையும் நம்பிக் களத்தில் இறங்கினார். போனில் இருந்ததோ பழைய விவரம். முதல் ஊரிலேயே மனைவி ஓடிப்போன ஆளிடம் "வீட்டுல சம்சாரம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார். இரண்டாவது ஊரில், தீப்பிடித்து வீட்டை இழந்தவரிடம் புது வீடு எப்படி என்றார். சிரிப்பு ஜீப்புக்கு முன்னால் ஓடியது. நாங்கள் போய்ச் சேரும் முன்பே அடுத்த ஊர் சிரித்துக்கொண்டு நின்றது.

கட்சித் தலைவர் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "இந்தத் தடவை தோத்தேன்னா நீ மறுபடியும் மாட்டுக்கு ஊசி போடப் போகலாம். அதுக்கும் யாராவது கூப்பிட்டா." மாமா முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டியை வீட்டுக்கு விடு" என்றார்.

அக்கா சமையலறையில் இருந்தாள். நாலு வருஷமாக விசேஷத்துக்கும் விளம்பரத்துக்கும் மட்டும் வந்து போன மனிதர் வாசற்படியில் நின்று, "ஜீப்ல ஏறு" என்றார். எப்படி இருக்கிறாய் என்றுகூட ஒரு வார்த்தை இல்லை.

"அடுப்புல பால் இருக்கு. அப்புறம் மறந்துடுவேன்ல?" என்றாள் அக்கா.

மாமாவுக்கு அது உறைக்கவே இல்லை, அவர்தான் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டாரே. அக்கா அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். டைக்காரன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

மறுபடியும் முதுகு வேலை செய்ய ஆரம்பித்தது. நாலு வருஷத்துச் சாவு, பிறப்பு, சண்டை, சமரசம் எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தது. அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் அவள் பாட்டுக்குச் சேர்த்து வைத்திருந்தாள். மாமா கையைப் பிடித்த இடத்திலெல்லாம் ஜனங்கள் அழுதார்கள், சிரித்தார்கள், மன்னித்தார்கள். வாத்தியாரின் ஆட்கள் முகம் சுண்டிப் போனார்கள். ஜெயித்துவிடுவோம் என்று எனக்கே தோன்றியது.

கடைசிப் பெரிய கூட்டம். பேச்சை டைக்காரன் எழுதிக் கொடுத்திருந்தான். நான் மேடைக்குப் பக்கவாட்டில் நின்றேன். வழக்கமான இடத்தில் மாமா குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஒரு மக இருந்தா. ஆறு வயசு. அன்னைக்குக் காலைல பள்ளிக்கூடப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, 'அப்பா, நான் போயிட்டு வர்றேன்'னு சொன்னா. அதுதான் அவ எங்கிட்ட பேசின கடைசி வார்த்தை."

கூட்டம் குலுங்கிக் குலுங்கி அழுதது. அக்காவின் கை உள்ளங்கை விரிந்தபடி பாதி தூரம் வந்திருந்தது. அப்படியே அந்தரத்தில் நின்றது. அப்புறம் கீழே இறங்கியது.

அந்தக் குழந்தை பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை.

ஜீப் ஊர் எல்லை தாண்டியதும் அக்கா கேட்டாள். "பை என்ன கலர்?"

"எந்தப் பை?" என்றார் மாமா.

"அவ தோள்ல மாட்டியிருந்தாளே. அந்தப் பை."

டைக்காரன்தான் பொறுமையாக விளக்கினான். "மேடம், நாலு வயசுன்னா ரொம்பச் சின்னக் குழந்தை. ஆறுன்னா பேசும், ஸ்கூல் போகும், ஒரு கேரக்டரா மனசுல நிக்கும். நாலுக்கும் ஆறுக்கும் என்ன மேடம் பெரிய வித்தியாசம்?"

"நாலு வயசுலயும் அவ பேசினா" என்றாள் அக்கா.

"இப்ப என்ன உனக்கு? கூட்டம் அழுதுச்சா இல்லையா?" என்று மாமா எரிந்து விழுந்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிவிட்டார். எங்கே வேண்டுமானாலும் தூங்குகிற வரம் அவருக்கு உண்டு.

மறுநாள் பிரசாரத்தின் கடைசி நாள், கடைசி ஊர். டிவிக்காரர்கள் இரண்டு வண்டியில் பின்னால் வந்தார்கள். தையல்காரம்மாவின் வீடு தெருவோரத்திலேயே இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே மெஷினில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கொடி தைப்பதை அவள் விட்டுவிட்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றாள், கழுத்தில் அளவு நாடாவோடு.

மாமா இறங்கினார். அக்கா பின்னால் இறங்கினாள். நான் என்ஜினை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீடு எனக்குத் தெரியும், அங்கே என்ன நடந்தது என்று தெரியும். அக்கா உள்ளங்கையைப் பதிப்பாள், மாமா தலையைத் தாழ்த்துவார், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா ஒரு விரலை நீட்டினாள். முதுகில் ஒரே ஒரு தட்டு.

ஒரு பிள்ளை. மாமாவின் முகம் மலர்ந்தது. இந்த வீட்டை அவருக்கே லேசாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது.

"என்ன தையல்காரம்மா, சௌக்கியமா? எங்க நம்ம சிங்கத்தைக் காணோம்? இந்நேரம் வண்டிக்கு முன்னால ஓடி வந்திருப்பானே! எந்தக் கம்பத்துல ஏறி உட்கார்ந்திருக்கான்?"

கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். கேமராக்காரர்கள் நகர்ந்து முன்னால் வந்தார்கள்.

அந்த அம்மா அவரையே பார்த்தாள். கோபம் இல்லை. யாராவது எதையாவது தப்பாகச் சொன்னால் நாம் முதலில் நம்மையே சந்தேகப்படுவோம் இல்லையா, அப்படி ஒரு பார்வை.

"உள்ள இருக்கான்யா, வாங்க" என்றாள்.

மாமா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். அக்காவும் போனாள். நானும் ஜீப்பிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினேன். சுவரில் பையனின் போட்டோ. அதன் மேல் குறுக்கே, பூவெல்லாம் உதிர்ந்து போன மலர்வளையத்தின் ரிப்பன். மாமா தன்னுடைய பெயரைத் தானே படித்தார். 'துணை அமைச்சர்' வரைக்கும் படித்திருப்பார், 'ஆழ்ந்த இரங்கல்' சின்ன எழுத்து.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஒடிந்து போயிருப்பார்கள். மாமா அப்படியில்லை. இரண்டு நொடியில் சிரிப்பு போயிற்று, தலை தாழ்ந்தது, கண் கலங்கியது. அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடும்மா. வயசாகுது, புத்தி தடுமாறுது. ஆனா ஒண்ணு சொல்றேன், உன் வலி எனக்குத் தெரியும். நானும் பெத்ததைப் பறிகொடுத்தவன்தான்."

அந்த மாட்டுக் குரல். வாசலில் நின்ற இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். தப்பித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

தையல்காரம்மாவும் இளகினாள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைத்தான் அவளும் கேட்டாள். அதில் சூது இல்லை, குத்தல் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

"குழந்தைக்கு என்ன வயசுங்கய்யா அப்போ?"

மாமா வாயைத் திறந்தார். வாசலில் டைக்காரன் ஒரு கையில் ஐந்து விரல், இன்னொரு கையில் ஒரு விரல் என்று காட்டிக்கொண்டிருந்தான். மாமா அவனைப் பார்க்கவில்லை. முதுகைக் கொஞ்சம் வளைத்தார். தட்டு வாங்குவதற்காக அவர் அப்படி வளைப்பதை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறேன். வளைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மாமா திரும்பினார். கேமராவுக்கும் கூட்டத்துக்கும் முன்னால், "சொல்லேன்டி" என்றார்.

அவள் சொல்லவில்லை. கூட்டம்தான் சொன்னது. "ஆறு வயசுங்க, நேத்து மீட்டிங்ல சொன்னாரே" என்றான் ஒருத்தன். "யோவ், நாலு. போன தேர்தல்ல நாலுன்னுதான் பேசினாரு" என்றது இன்னொரு குரல். "ஸ்கூலுக்குப் போன பிள்ளைக்கு எப்படிய்யா நாலு?" "அப்போ எந்த வருஷம் செத்துச்சு, கணக்குப் போடு." "எங்க சித்திகூட அன்னைக்கு அடக்கத்துக்குப் போயிருந்தாங்க, மூணுதான் இருக்கும்னாங்க." மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து வயசு சொல்வது போல ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பின்னால் நின்ற பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு தெரு முழுக்கப் பரவியது.

தையல்காரம்மா தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டாள். போட்டோவுக்கு எதிரில் நின்றுகொண்டு யாரையும் வெளியே போகச் சொல்லத் தெரியாமல் தவித்தாள். சாவு விழுந்த வீட்டைக் கேலிக்கூத்தாக்கிவிட்டோம். அக்கா ஒரு கல்லை எறிய நினைத்தாள், அவள் கைக்குக் கிடைத்த கல் இந்த அம்மாவின் மகன். என் அக்காதான், ஆனாலும் அது பாவம். அதை நான் அவளிடமே சொன்னேன்.

அந்தக் காட்சி அன்றைக்குச் சாயங்காலமே எல்லாப் போனிலும் ஓடியது. வளைத்த முதுகோடு "சொல்லேன்டி" என்பதை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப. வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்தார். ஊசிக்காரருக்கு டெபாசிட்டும் போயிற்று. கட்சி அவரைப் பிறகு எதற்கும் கூப்பிடவில்லை. டைக்காரன் இப்போது வாத்தியாரிடம் இருக்கிறான்.

அன்றைக்கு ஜீப்பில் ஏறியதும் மாமா திரும்பாமலேயே கேட்டார். "ஏன்டி அப்படித் தட்டின?"

"அவங்களுக்கு ஒரு பிள்ளைதானே. ஒண்ணு தட்டினேன்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமா வெளியறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எப்போதாவது பழைய ஆட்கள் வருவார்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள். அவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்வார். இப்போது அதில் தடுமாற்றமே இல்லை. ஆறு வயசு, நீலக் கலர்ப் பை, பையில் ஒரு முயல் படம், வாசலில் திரும்பி நின்று கையசைத்தாள். சொல்லும்போது நிஜமாகவே அழுகிறார். அவருக்கு இப்போது அந்தக் குழந்தைதான் இருக்கிறது.

போன வாரம் நான் போயிருந்தபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். கேட்டுக்கொண்டு நின்றாள், வந்தவர்கள் போகும் வரைக்கும் நின்றாள். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அவளுக்கு நாலுதானேடா?" என்று கேட்டாள்.

"நாலுதான்க்கா" என்றேன்.

"பை இல்லதானே?"

"இல்லக்கா."

அவள் தலையாட்டினாள். துணியை எடுத்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து அதையே இன்னொரு தடவை கேட்டாள்.